வீடியோ காலே போதுமா, நேரில் போய்ப் பார்க்கணுமா?

சிறுபட்டறை:
உதிரிபாகம் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம். எங்களிடம் வாங்குகிறவர்கள், எங்களுக்குச் சரக்கு தருகிறவர்கள் எல்லோரும் வெளியூர். எல்லாம் இமெயிலிலும் வீடியோ காலிலும்தான் ஓடுகிறது. யாரை நேரில் பார்த்தே ஆகணும், யாருக்குக் கால் போதும்? போனால் அங்கே உருப்படியாக என்ன செய்யணும்? "உறவு வளரும்" என்கிற பொதுப் பதில் வேண்டாம்.

பர்ச்சேஸ்_டெஸ்க்:
விலை கேட்க, ஆர்டர் எங்கே நிற்கிறது என்று விசாரிக்க, டிராயிங் திருத்தம் சொல்ல எல்லாம் போகாதீங்க. அதெல்லாம் எழுத்தில் இருப்பதுதான் நல்லது, நாளைக்குப் பேச்சு மாறினால் கையில் ஆதாரம் இருக்கும். முதல் பெரிய ஆர்டருக்கு முன்னால், தரத்தில் தகராறு வந்தால், பணம் இழுபறியானால், அங்கே உங்களோடு பேசிக்கொண்டிருந்த ஆள் மாறினால் போங்க. கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதிதாக வந்தவருக்கு நீங்கள் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். தனக்குப் பழகின சப்ளையரைக் கூட்டி வர அவருக்கு ரொம்ப நாள் ஆகாது.

சப்ளையரிடம் போனால் மீட்டிங் அறையிலேயே உட்கார்ந்துவிடாதீங்க. தளத்தைத் தலைகீழாக நடந்து பாருங்க: முதலில் சரக்கை அனுப்புகிற டிஸ்பேட்ச், கடைசியில் மூலப்பொருள் கிடங்கு. அவர்கள் கூட்டிப்போகிற வரிசையில் போனால், காட்ட நினைத்தது மட்டும்தான் தெரியும். மெஷின் பக்கத்தில் மாட்டியிருக்கும் உங்கள் டிராயிங்கின் ரிவிஷன் எண்ணை, அதாவது எத்தனையாவது திருத்தம் என்பதைப் பாருங்க. நீங்கள் மூன்றாவது ரிவிஷன் அனுப்பியிருப்பீங்க, அங்கே எண்ணெய்க் கறையோடு இரண்டாவது தொங்கும். "கிடைத்தது" என்று பதில் போட்டவர் ஆபீஸில் இருக்கிறார், தாள் தளத்துக்கு வந்து சேரவில்லை. பிறகு அளவுக்கருவிகளில் ஒட்டின கேலிபரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை) ஸ்டிக்கரின் தேதி. ரிஜெக்ட் ஆன சரக்கு சீட்டு ஒட்டித் தனியாகப் பூட்டியிருக்கிறதா, நல்லதோடு கலந்து கிடக்கிறதா என்பதும் முக்கியம். வீடியோ காலில் இதெல்லாம் தானாகக் கண்ணில் படாது.

பில்_வசூல்:
வாங்குகிறவரிடம் போனால் பர்ச்சேஸ் ஆளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீங்க. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், அக்கவுண்ட்ஸில் பில் பாஸ் பண்ணுகிறவர், இவர்களோடு பத்து நிமிஷம் பேசுங்க. பில் நிற்பது பெரும்பாலும் சில்லறைக் காரணத்துக்காக: பர்ச்சேஸ் ஆர்டர் எண் விட்டுப்போயிருக்கும், எண்ணிக்கை ஒத்துவராது, சரக்கு வந்ததை ஸ்டோர்ஸில் பதிந்திருக்க மாட்டார்கள். "எங்க பில்லில் எது இல்லைன்னா ஓரமா வைப்பீங்க?" என்று நேரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இமெயிலில் கேட்டால் "பிராசஸில் இருக்கு" என்றுதான் வரும்.

போவதற்கு இரண்டு நாள் முன்னால் மூன்று கேள்விக்கு மிகாமல் எழுதி அனுப்புங்க. முடிவெடுக்கிறவர் அன்றைக்கு இருப்பாரா என்று கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, இல்லையென்றால் தேதியை மாற்றுங்க. அந்தப் பக்கம் ஒருத்தர் என்றால் நாலு பேராகப் போகாதீங்க, மனுஷர் வாயே திறக்க மாட்டார். பேசினதை மறுநாளைக்குள் இமெயிலில் போடுங்க: யார், எதை, எந்தத் தேதிக்குள். இது போகாவிட்டால், வாக்குக் கொடுத்தவர் வேலை மாறுகிற அன்றைக்கே அந்த வாக்கும் போச்சு.

அலைவரிசை:
"இமெயிலைவிட நேரில் கேட்டால் 34 மடங்கு பலன்" என்று ஒரு எண் சுற்றுகிறது. ரோகனிசாத், போன்ஸ் என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரக் கேட்டுப் பார்த்தார்கள். அதைக் கொண்டுவந்து கான்ட்ராக்ட்டில் பொருத்தாதீங்க. எனக்கு அதில் உருப்படியாகப் படுவது வேறு: இமெயில் அனுப்பினவர்கள் அது எவ்வளவு எடுபடும் என்பதை ரொம்ப மிகையாகக் கணித்திருந்தார்கள்.

2022இல் 'நேச்சர்' இதழில் ப்ரக்ஸ், லெவாவ் இருவரும் எழுதினது இன்னும் பயன்படும். வீடியோவில் இரண்டிரண்டு பேராகப் பேசினவர்களுக்கு, நேரில் பேசினவர்களைவிடப் புது யோசனை குறைவாகத்தான் வந்தது, பார்வை திரையிலேயே குவிந்துவிடுவதால். ஆனால் வந்ததில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பின்தங்கவில்லை. ஆக, கோளாறுக்கு வழி தேடுவதை நேரில் வைத்துக்கொள்ளுங்க, எந்த வழி என்று முடிவு பண்ணக் கால் போதும்.

விலை பேசுவதற்கு இன்னொரு சிக்கல். சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க 200 மில்லி செகண்டு போலத்தான் ஆகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி லைனில் ஒருவழித் தாமதம் (ஒரு முனையில் பேசினது மறுமுனைக்குப் போய்ச்சேர ஆகிற நேரம்) 150 மில்லி செகண்டுக்குள் இருக்கணும். அதைத் தாண்டினால் லைன் தாமதமே மனுஷரின் தயக்கம் மாதிரி கேட்கும். விலை சொன்னதும் மறுமுனை அமைதியானால், அவர் மறுக்கிறார் என்று நினைத்து நாமே இறங்கிவிடுவோம்.

பர்ச்சேஸ்_டெஸ்க்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க. நேரில் பார்த்து ஆளைப் பிடித்துப்போனால் ஏமாறவும் வழி உண்டு. வாங்குகிறவருக்குக் கடன் வரம்பை எவ்வளவு வரை ஏற்றலாம் என்று பழைய பாக்கியைப் பார்த்து, கிளம்புவதற்கு முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்க. அங்கே உட்கார்ந்து முடிவு பண்ணாதீங்க.

சிறுபட்டறை:
ஒரே ஊரில் மூன்று பேர் இருந்தால் ஒரே நாளில் முடிக்கலாமா?

பில்_வசூல்:
இரண்டு போதும். பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போதுதான் "இன்னொரு விஷயம்..." என்று அசல் சங்கதியை ஆரம்பிப்பார்கள், அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது கிடைக்காது. பணம் இழுக்கிறவரைக் காலையில் வைங்க. மாதக் கடைசியும் முதல் இரண்டு மூன்று நாளும் வேண்டாம், அக்கவுண்ட்ஸில் கணக்கு முடிக்கிற மும்முரத்தில் இருப்பார்கள்.