முதல் பட்டதாரி சான்று: கார்டில் சித்தப்பா பெயர் இருப்பதால் சிக்கல்

தங்கச்சிக்கு இந்த வருஷம் பொறியியல் கலந்தாய்வு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரி சான்றுக்கான மனு இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. ரேஷன் கார்டில் சித்தப்பா பெயரும் இருக்கிறதாம், அவர் பி.எஸ்சி.

ஊர் ராயக்கோட்டை பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டம். அப்பா தக்காளி போடுகிறார், ஐந்தாவது வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. நான் பத்தாவதோடு ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்துவிட்டேன்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எங்களுக்குக் கிடைக்காது. அப்பா பெங்களூரில் கொத்து வேலை பார்த்தபோது ஆறும் ஏழும் அவள் அங்கேதான் படித்தாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் பெண்களுக்கு மாதாமாதம் தரும் புதுமைப்பெண் 1,000 ரூபாயும் அதே கதைதான்.

இ-சேவையில் மே மாதம் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை பதிந்தோம். இரண்டாவது தடவை எங்கள் மூவரின் படிப்பையும் எழுதி உறுதிமொழிப் பத்திரம் வைத்தோம். வி.ஏ.ஓ.வையும் நேரில் பார்த்தாச்சு. வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக் கடன் கேட்டால், கல்லூரி ஒதுக்கீட்டு ஆணை வந்தபிறகு வரச் சொல்கிறது பேங்க். சித்தப்பா தனிக் குடித்தனம் போய் ஆறு வருஷம் ஆகிறது, கார்டில் மட்டும்தான் எங்களோடு இருக்கிறார்!

இப்படிக் கூட்டுக் கார்டோடு இந்தச் சான்றை வாங்கியவர்கள், என்ன ஆவணம் வைத்து வாங்கினீர்கள்?