2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக்: வாங்கலாமா, எதையெல்லாம் பார்க்கணும்?

வால்பாறை40:
வணக்கம். நான் கோவையில் இருக்கேன். சென்னையில் ஒரு 2002 சிட்டி 1.5 விடெக் (அதிக ஆர்பிஎம்மில் வால்வுகளைக் கூடுதலாத் திறக்கிற அமைப்பு உள்ள இன்ஜின்) விலைக்கு வந்திருக்கு. டால்பின் மாடல் இல்லை, அதுக்கு முந்தின பழைய பாடி. மூணாவது ஓனர், மீட்டரில் 1.38 லட்சம் கி.மீ., ஆர்சி 2027 வரைக்கும் இருக்கு. தினமும் ஆபீஸ் போக வேற வண்டி இருக்கு. இது ஞாயிற்றுக்கிழமை மலை ஏறத்தான்.

ஓட்டிப் பார்த்ததில் மூணு விஷயம் இடிக்குது. ஒண்ணு, சிக்னலில் நின்னா ஐடில் 800க்கும் 1500க்கும் நடுவில் ஏறி இறங்குது. ரெண்டு, வெயிலில் நின்ன வண்டி மதியம் ஸ்டார்ட் ஆகலை. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலை. பத்து நிமிஷம் கதவைத் திறந்து போட்டதும் கிளம்பிடுச்சு. விக்கிறவர் "பேட்டரி வீக்" என்கிறார். மூணு, 6000 வரை இழுத்தும் விடெக் வந்த மாதிரியே தெரியலை, சத்தம் மாறவே இல்லை. செக் இன்ஜின் லைட்டும் எரியலை.

டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு அவருக்குத் தெரியாது. இதில் எது சில்லறை வேலை, எது வண்டியை விட்டுட்டு ஓட வேண்டிய வேலை?

ஃபீலர்கேஜ்:
நீங்க சொன்ன மூணுமே இந்த வண்டிக்குத் தெரிஞ்ச வியாதிதான், ஒவ்வொண்ணா வர்றேன். அதுக்கு முன்னாடி இது நிஜமாவே விடெக்கான்னு பாருங்க. 1.3 வண்டி 90 பிஎச்பி, சாதா 1.5 100, விடெக் 106. டிக்கியில் எழுத்து ஒட்டுறது அஞ்சு நிமிஷ வேலை. பிளாக்கும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் முன்பக்கம் இன்ஜின் நம்பர் அடிச்சிருக்கும். துணியால் துடைச்சு ஆர்சியோடு எழுத்தெழுத்தா ஒப்பிடுங்க. ஹெட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரன்ட் பிரிச்சுக் கொடுக்கிறது) பக்கத்தில் விடெக் சோலினாய்டும் (கரன்ட்டில் திறக்கிற ஆயில் வால்வு) ஒயரும் இருக்கணும்.

மதியம் ஸ்டார்ட் ஆகாததுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. பேட்டரி வீக்னா செல்ஃபே சோம்பலாச் சுத்தும். இது மெயின் ரிலே. பெட்ரோல் பம்புக்குக் கரன்ட் கொடுக்கிற, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற ஒரு டப்பா. உள்ளே இருக்கும் சால்டர் வருஷக்கணக்கில் விரிசல் விட்டு, கேபின் சூடானதும் தொடர்பை விட்டுடும். குளிர்ந்தா திரும்ப ஒட்டிக்கும். அந்தக் காலத்து ஹோண்டா எல்லாத்திலும் உண்டு. சாவியை ஆன் பண்ணினதும் பின்சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் ரெண்டு செகண்ட் "ம்ம்"னு முனகணும். ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் அந்த முனகல் இல்லைன்னா ரிலேதான் முதல் குற்றவாளி. கழட்டி எல்லாக் காலுக்கும் புதுசா சால்டர் வச்சாலே போதும். டிவி ரிப்பேர்காரர்கூடச் செய்வார்.

ஐடில் ஏறி இறங்கினா உடனே த்ராட்டிலைக் கழட்டி கார்ப் கிளீனர் அடிக்கிறவங்க அதிகம். முதலில் கூலன்ட் அளவு. ஐடில் வால்வுகள் வழியாக் கூலன்ட் ஓடுது. அளவு குறைஞ்சு காத்து புகுந்தா அதோட கணக்கே தப்பிடும். அதனால இன்ஜின் ஆறினதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க, டேங்க்கை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. நிரப்பி, காத்தை எடுத்துட்டு, அதுக்கப்புறமும் ஆடினா ஐடில் வால்வைச் சுத்தம் பண்ணலாம். ஆனா உங்க கேள்வி அதில்லை. கூலன்ட் ஏன் குறைஞ்சது? தண்ணி பம்பில் கசிவா, ஹோஸா, ஹெட் கேஸ்கெட்டா? அலுமினிய ஹெட் ஒரு தடவை நல்லா சூடு வாங்கினா வளைஞ்சிடும். மூடிக்கு அடியில் பழுப்புத் தண்ணி இருந்தா வெறும் குழாய்த் தண்ணியில் ஓட்டின வண்டி. ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி படிவம் இருந்தாலோ, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி நிக்காம வந்தாலோ, அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

விடெக்குக்கு வர்றேன். நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் வராது. இன்ஜின் சூடா இருக்கணும், வண்டி ஓடிட்டு இருக்கணும், ஆயில் அழுத்தம் இருக்கணும். ஆயில் குறைவா இருந்தா ஈசியு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) விடவே விடாது. சோலினாய்டு கேஸ்கெட்டில் ஒரு சின்ன வலை உண்டு. ஆயில் மாத்தாத வண்டியில் அது தார் மாதிரி அடைச்சிருக்கும். இது சில்லறை வேலை.

செக் இன்ஜின் லைட் எரியலைன்னு சொன்னீங்க. சாவி ஆன் பண்ணினதும் ரெண்டு செகண்ட் எரிஞ்சு அணைஞ்சதா? அப்பவும் எரியலைன்னா பல்பைக் கழட்டியிருக்காங்க. அணைஞ்சதுன்னா, டேஷுக்கு அடியில் எதுவும் சொருகாமல் தொங்கும் ரெண்டு கால் கனெக்டரை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைச்சுட்டு சாவியை ஆன் பண்ணுங்க, ஸ்டார்ட் வேண்டாம். லைட் கண் சிமிட்டி எரர் நம்பரைச் சொல்லும். நீளச் சிமிட்டல் பத்து, குட்டை ஒண்ணு. 21, 22 வந்தா விடெக் சோலினாய்டும் பிரஷர் சுவிட்சும். 14 ஐடில் வால்வு, 6 கூலன்ட் சென்சார், 7 த்ராட்டில் சென்சார், 4, 8, 9 மூணும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துச் சென்சார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழட்டிப் பாருங்க. உள்ளே ஆயில் இருந்தா ஷாஃப்ட் சீல் போச்சு. துரு நிறத்தில் பொடி இருந்தா பேரிங் அரையுது, கொஞ்ச நாளில் நடுரோட்டில் நிறுத்தும்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்காம வாங்காதீங்க. இன்ஜின் சூட்டில், நாலு பிளக்கும் கழட்டி, இக்னிஷனும் பெட்ரோலும் துண்டிச்சு, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும். எந்த சிலிண்டரும் 135 பிஎஸ்ஐக்குக் கீழே வரக்கூடாது, நாலுக்கும் நடுவில் வித்தியாசம் 28ஐத் தாண்டக்கூடாது. நல்ல இன்ஜின் 170, 180 காட்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்தா வால்வ் சீல், அது பரவாயில்லை. இழுக்கும்போதெல்லாம் வந்தா பிஸ்டன் ரிங்.

டைமிங் பெல்ட் தேதி தெரியாதுன்னா மாத்தலைன்னே வச்சுக்குங்க. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வை அடிக்கும். கோவைக்கு ஓட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. பெல்ட் மட்டும் இல்லை: டென்ஷனர், தண்ணி பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் சேர்த்து. பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுது, தனியாக் கசிஞ்சா இதே வேலையை ரெண்டாவது தடவை செய்யணும். இன்னொண்ணு, இந்த இன்ஜின் மத்த கார்களுக்கு எதிர்த்திசையில் சுத்தும். பெல்ட் மாட்டி, டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, கேம் புல்லியில் மூணு பல் அளவுக்குக் கிராங்க்கை இடமாச் சுத்தித்தான் திரும்ப இறுக்கணும். பழக்க தோஷத்தில் வலமாச் சுத்துற மெக்கானிக்கிட்ட மாட்டினா டென்ஷன் தப்பிடும்.

வாங்கினப்புறம் டேப்பட் (வால்வ் இடைவெளி) வைங்க. இடைவெளியைத் தானாச் சரிபண்ணிக்கிற ஹைட்ராலிக் லிஃப்டர் இதில் கிடையாது. இன்ஜின் சுத்தமா ஆறினப்புறம் இன்டேக் 0.18–0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.23–0.27. டேப்பட் சத்தமே இல்லாத பழைய ஹோண்டாவைப் பார்த்தா சந்தோஷப்படாதீங்க. எக்ஸாஸ்ட் இறுகிப்போய் வால்வ் முழுசா மூடாம எரிஞ்சுட்டு இருக்கலாம்.

பட்டித்தட்டி:
மேலே சொன்னதெல்லாம் செலவழிச்சா தீரும். பாடி அப்படி இல்லை, அதைப் பார்த்துட்டு அப்புறம் பானெட்டைத் திறங்க. பின்சக்கர வளைவின் உள்விளிம்பை விரலால் தடவுங்க. சேறு தங்கி முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். பிறகு ஸ்டெப்னி குழி, கதவுக்குக் கீழே இருக்கும் சட்டம், கதவு ரப்பரை இழுத்தால் தெரியும் வெல்டிங் விளிம்பு, முன்சஸ்பென்ஷன் மேலே போல்ட் ஆகும் கிண்ணம். மெல்லிய துணி சுத்தின காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது.

சென்னை வண்டி என்பதால் தண்ணியில் நின்னதா என்பது பெரிய கேள்வி. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ரெண்டு வெள்ளத்தையும் இந்த வண்டி பார்த்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளமும் போல்ட்டும் துருப்பிடிச்சிருக்கா? கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சைப் பிழிஞ்சு பாருங்க. நனைஞ்ச ஒயரிங் இருக்கும் வண்டியில் ஒண்ணைச் சரிபண்ணினா இன்னொண்ணு கிளம்பும். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

ராம்ப்பில் ஏத்திச் சம்ப்பையும் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) பார்க்கணும். தாழ்வான வண்டி, ஸ்பீட் பிரேக்கரில் அடிபட்டுச் சம்ப் நசுங்கியிருந்தா ஆயில் உறிஞ்சும் குழாய்க்கு இடைவெளி குறைஞ்சிடும்.

உதிரிப்பாகம் பத்தி யாரும் பேசலையே. பெல்ட், பம்ப், பிரேக் பேட், கிளட்ச் மாதிரி ஓடித் தேயும் சாமானுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டில் அலைஞ்சா வழி உண்டு. பம்பர், ஹெட்லைட், உள்அலங்காரம்? புதுப்பேட்டையில் உடைச்ச வண்டி அமைஞ்சாத்தான். அதனால உள்ளே பட்டன், பீடிங் எல்லாம் முழுசா இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ஆர்சி_கையில்:
பேப்பர் பக்கம். பரிவாஹன் என்ற அரசு வாகனத் தளத்தில் ஆர்சி நிலை 'ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும். 2002 வண்டி 2017இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டால்தான் 2027 வரும், எனவே தேதி பொருந்துகிறது. 2027இல் மறுபடி படிவம் 25, எஃப்சி (தகுதிச் சான்று), பசுமை வரி. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. அதை இப்போதே கணக்கில் சேருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. ஆர்சியில் பழைய கடன் பதிவு இருந்தால் முதலில் படிவம் 35ம் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) தேவை. இந்த வயசு வண்டிகளில் கடன் கொடுத்த வங்கியே இப்போது இல்லாமல் இருக்கும். உதாரணமாக ஆர்சியில் சென்சூரியன் பேங்க் என்று இருந்தால், அது 2008இல் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்துவிட்டது, அங்கேதான் கேட்க வேண்டும். இந்த அலைச்சலை விற்பவரே முடித்துத் தரட்டும். அதுவரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

சைலன்ஸர் மாற்றியிருந்தால் ஒரிஜினலையும் கேட்டு வாங்குங்கள், எஃப்சிக்கு அது வேண்டும். இன்ஜின் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி சிக்கல். "அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்" என்பதை நம்ப வேண்டாம்.

மூணாவது_கியர்:
கியர்பாக்ஸை எல்லாரும் மறந்துட்டீங்க. ரெவ் ஏத்தி ரெண்டிலிருந்து மூணுக்கு வேகமாப் போடுங்க. கரகரன்னா சிங்க்ரோ (கியர் வேகத்தைச் சேர்த்து வைக்கும் வளையம்) தேஞ்சது. நியூட்ரலில் கிளட்ச் விட்டிருக்கும்போது ஊளை, மிதிச்சா நிக்குதுன்னா இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பி மெதுவாக் கிளம்பும்போது டக்டக்னா டிரைவ் ஷாஃப்ட் வெளி ஜாயின்ட்.

கியர் ஆயில் ஹோண்டா எம்டிஎஃப் (ஹோண்டாவோட மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்) மட்டும். ரோட்டோர ஷெட்டில் கெட்டியான 80டபிள்யூ-90 ஊத்தியிருப்பாங்க. காலையில் கியர் விழாம மக்கர் பண்றதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஃபீலர்கேஜ்:
எம்டிஎஃப் 'மட்டும்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது கிடைக்காத ஊரில் 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயிலைத் தற்காலிகமா ஊத்தலாம்னு அந்தக் கால ஹோண்டா மேனுவலே சொல்லுது. ஜிஎல்-5 கெட்டி ஆயில் கூடாது என்பது சரி.

இன்னொண்ணு விட்டுப்போச்சு: இப்ப பங்க்கில் வர்றது இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்). 2002 ரப்பர் ஹோஸ் அதுக்காகச் செஞ்சது இல்லை. வாங்கின வாரமே பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்துக்கு மாத்துங்க. டேங்குக்குள்ளே மூழ்கி இருக்கும் துண்டுக்கு ஆர்10தான் வேணும், ஆர்9 உள்ளே ஊறினா வெளிப்புறத்திலிருந்து சிதையும். ஃபில்டரையும் சேர்த்து மாத்தும்போது பான்ஜோ போல்ட்டுக்கு (நடுவில் பெட்ரோல் ஓடும் துளை உள்ள போல்ட்) புது வாஷர் போடுங்க, பழசையே போட்டா கசியும். ஞாயிறு மட்டும் ஓடும் வண்டின்னா பாதி டேங்கில் மாசக்கணக்கா நிறுத்தாதீங்க.

வால்பாறை40:
எல்லாருக்கும் நன்றி. சென்னையில் இருக்கும் மச்சான் போய்ப் பார்த்தான். இன்ஜின் நம்பர் ஒத்துப்போகுது, சோலினாய்டு இருக்கு, சீட் பெல்ட்டில் சேற்றுக் கோடு இல்லை. ரேடியேட்டர் ஒரு லிட்டருக்கு மேல் குடிச்சது, தண்ணி பம்புக்குக் கீழே காய்ஞ்ச பச்சைக் கறை. கம்ப்ரஷன் 172, 170, 175, 168. செக் லைட் ரெண்டு செகண்ட் எரிஞ்சு அணையுது. பேப்பர் கிளிப் போட்டா ஒரு நீளம், ஏழு குட்டை. அது மட்டும்தான் திரும்பத் திரும்ப. 17னா என்ன?

ஃபீலர்கேஜ்:
கம்ப்ரஷன் அருமை. பம்ப் எப்படியும் பெல்ட்டோடு போகப்போகுது.

17 ஸ்பீட் சென்சார். கியர்பாக்ஸ் மேலே உட்கார்ந்திருக்கும். வண்டி நிக்குதுன்னு ஈசியு நினைச்சா விடெக்கைத் திறக்காது. உங்க மூணாவது பிரச்சினைக்குப் பதில் இதுதான். பேக்கப் ஃபியூஸைப் பத்து செகண்ட் பிடுங்கி மாட்டினா பழைய எரர் நம்பர் அழியும். அப்புறம் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்பப் படிங்க. மறுபடி 17 வந்தா ஒயரா, சென்சாரான்னு மீட்டர் வச்சுப் பார்க்கணும். திரும்ப வரலைன்னா இன்னும் யோசிக்கணும்: ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டர் மீட்டரும் அதே சென்சாரில்தான் ஓடுது. அந்த சென்சாரோட ஒயர் பிளக்கைக் கழட்டி விட்டு ஓட்டினா கிலோமீட்டர் ஏறாது, ஈசியுவில் 17 மட்டும் தங்கிடும்.

மச்சானை இன்னொரு தடவை அனுப்பி அந்தப் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்க. சுத்தி இருபது வருஷ அழுக்கு இருக்க, பிளக்கின் பூட்டு மட்டும் பளிச்சுன்னு கீறல் விழுந்திருந்தா, 1.38 லட்சத்தை மறந்துட்டு விலை பேசுங்க.