பொருள்: எம்.எஸ். கையேடு – ‘புரோகிரசிவ்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோயின் பெயரை எம்.எஸ். என்றே வைப்பதாக முடிவாகிவிட்டது. அதைத் தயவுசெய்து யாரும் கிளற வேண்டாம். சிக்கல் வகைகளின் பெயரில்தான். விட்டுவிட்டு வரும் வகையைத் ‘தாக்கித் தணியும் எம்.எஸ்.’ என்று எழுதிவிட்டேன். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல மோசமாகும் பிரைமரி புரோகிரசிவ், சில காலம் தாக்கித் தணிந்தபின் அப்படி மாறும் செகண்டரி புரோகிரசிவ், இந்த இரண்டுக்கும் சொல் வேண்டும். முந்தைய வரைவில் ‘முதன்மை முற்போக்கு’ என்று இருக்கிறது. கட்சிப் பெயர் மாதிரி இருக்கிறது, ஒப்பவில்லை.

நி. எழுதியது:

கிளற வேண்டாம் என்றால் எப்படி அம்மா? இரண்டு ஆங்கில எழுத்தை நோய்க்குப் பெயராக வைத்துவிட்டு அதன் வாலுக்கு மட்டும் தூய தமிழ் தேடுகிறீர்கள். ‘தண்டுவட மரப்பு நோய்’ ஏற்கெனவே புழங்குகிறதே. வகைக்கு ‘முற்றுநிலை’ போதும். முற்றுதல் பழைய சொல், எல்லோருக்கும் புரியும்.

வே. எழுதியது:

புரியும் என்பதுதான் பயம். இந்த நோய் தண்டுவடத்தோடு நிற்பதில்லை. மூளையிலும் பார்வை நரம்பிலும் வரும். ‘மரப்பு’ என்றால் நோயாளிக்குக் கால் மரத்துப்போவதுதான் மனத்தில் தோன்றும். அது அறிகுறிகளில் ஒன்று, அவ்வளவே. ஸ்கிளிரோசிஸ் என்ற கிரேக்கச் சொல் கெட்டிப்படுவதைக் குறிக்கிறது. 1868இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இந்த நோயை விவரித்தபோது சுட்டியது மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்த கெட்டித் திட்டுகளை.

சரி, செ. கேட்டதற்கு வருகிறேன். கூடுவது எது என்று தெளிவாக்கிக்கொண்டால் சொல் கிடைக்கும். கூடுவது தழும்புகளின், அதாவது அந்தத் திட்டுகளின், எண்ணிக்கை அல்ல, இயலாமை. எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்பு ஒன்றுகூட இல்லாமல் நடை கெட்டுக்கொண்டே போகலாம். கண்டறிவதில் உள்ள சிரமமும் இதனால்தான். தாக்குதல் என்றால் குறைந்தது 24 மணி நேரம் நீடிக்கும். நோயாளி பெரும்பாலும் தேதி சொல்லிவிடுவார். இதற்குத் தேதி கிடையாது. “எப்போதிலிருந்து?” என்று கேட்டால் “போன வருஷம் மாடி ஏறினேன், இப்போது முடியவில்லை” என்பார். எம்.எஸ். நோயைக் கண்டறிவதற்கான 2017 மெக்டொனால்ட் வரையறைப்படி, தொடக்கத்திலிருந்தே கூடும் வகை என்று சொல்ல, ஓராண்டாவது இயலாமை கூடியிருக்க வேண்டும். அதோடு மூன்று சான்றுகளில் இரண்டு வேண்டும்: மூளையில் இந்த நோய்க்கே உரிய இடங்களில் ஒரு தழும்பாவது, தண்டுவடத்தில் இரண்டு தழும்புகளாவது, முதுகுத்தண்டு நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் (பரிசோதனையில் தெரியும் நோயெதிர்ப்புப் புரதங்கள்). வைட்டமின் பி12 குறைபாடு, கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்துவது போன்றவை இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது வகையோ திரும்பிப் பார்க்கும்போதுதான் பிடிபடும்.

ஆகவே ‘படிப்படியாக’ என்றும் எழுதாதீர்கள். ஒவ்வொரு தாக்குதலும் முழுதாகச் சரியாகாமல் கொஞ்சம் மிச்சம் வைத்துப்போனால் அதுதான் படி. இது சரிவு.

அ. எழுதியது:

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் ‘படர்’தான் தோன்றியது. ‘படரே உள்ளல் செலவும் ஆகும்’ என்பது தொல்காப்பிய உரியியல். செலவு என்றால் போவது. நோயும் போய்க்கொண்டே இருக்கிறது. வள்ளுவரோ ஓர் அதிகாரத்துக்கே படர்மெலிந்திரங்கல் என்று பெயரிட்டார். அதன் முதற்குறள் என்ன சொல்கிறது? நோயை மறைக்கிறேன், அது ‘இறைப்பவர்க்கு ஊற்றுநீர் போல மிகும்’ என்கிறது. தாக்குதல் இல்லை, தணிவு இல்லை, ஊறிக்கொண்டே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியுமா? ‘படர்நோய்’ என்போம், இல்லையென்றால் ‘மிகுநோய்’. இரண்டுமே வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

ம. எழுதியது:

ஐயா, அது காதல் நோய். ‘மிகு’ என்றால் எங்களுக்கு வல்லினம் மிகும் இடங்கள்தான் நினைவுக்கு வரும். ‘படர்’ என்றால் படர்தாமரை. இன்னொருவருக்குத் தொற்றுமா என்று அடுத்த கேள்வி வரும். ‘ஏறுமுக எம்.எஸ்.’ எப்படி?

நி. எழுதியது:

ஏறுமுகம் என்றால் வியாபாரம் நன்றாகப் போகிறது என்று பொருள். ‘வளர்’ வேண்டாம், அது பிறைக்கும் பயிருக்கும். ‘கூடிவரும்’ என்றால் கல்யாணம். முற்றுநிலையைத்தான் மறுபடியும் சொல்கிறேன்.

ப. எழுதியது:

இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. என் அண்ணனுக்குப் பிரைமரி புரோகிரசிவ். அதனால் சொல்கிறேன்.

‘முற்றுநிலை’ கூடவே கூடாது. நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பிரைமரியை ‘முதல்நிலை’ என்றோ ‘முதன்மை’ என்றோ எழுதினாலும் ஆபத்துதான். “முதல் நிலைதானே, சீக்கிரம் பார்த்துவிட்டார்கள், குணமாகிவிடும்” என்று எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லிவிட்டார்கள். செகண்டரியை ‘இரண்டாம் நிலை’ என்றால் அண்ணனுக்கு அடுத்தது அதுதான் என்று நினைப்பார்கள். அவை நிலைகளே இல்லை என்று எங்களுக்குப் புரியவே நாளாயிற்று.

இன்னொன்று. உடம்பு சூடானால், காய்ச்சல் வந்தால், சிறுநீர்த் தொற்று வந்தால் அண்ணனுக்குக் கால் இன்னும் இழுக்கும். சூடு தணிந்து தொற்று சரியானதும் பழையபடி ஆகிவிடும். அது நோய் கூடியது ஆகாது என்று டாக்டர் விளக்கினார். நீங்கள் தேடும் சொல் அந்தத் தற்காலிக மோசத்தையும் இந்த நிரந்தர மோசத்தையும் பிரித்துக் காட்டுமா? எங்களுக்கு வேண்டியது அதுதான். படர் பற்றிப் படித்தது சுவையாகத்தான் இருந்தது.

வே. எழுதியது:

ப. சொல்வதை அப்படியே கையேட்டில் சேர்க்கலாம். ஒரு சொல் சரிதானா என்று பார்க்க அதைச் சிகிச்சைப் பகுதியில் போட்டுப் பாருங்கள். “ஒக்ரெலிசுமாப் மருந்து இதை மெதுவாக்கும், நிறுத்தாது, இழந்ததைத் திருப்பித் தராது.” அமெரிக்காவில் தொடக்கத்திலிருந்தே கூடும் வகைக்கென 2017இல் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற மருந்து அது. பின்னர் கூடும் வகையில் தாக்குதலோ புதிய தழும்போ இன்னும் வருபவர்களுக்கு 2019இல் சிபோனிமாட் வந்தது. இவை ஒருபுறம். தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் மருந்து, இயன்முறைச் சிகிச்சை, சிறுநீர்ப்பை, களைப்பு ஆகியவை மறுபுறம். பல வீடுகளில் அன்றாடம் பெரும்பாலும் இரண்டாவது பக்கத்தில்தான் போகிறது. கையேட்டில் அதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், செ.?

செ. எழுதியது:

நான்கு, டாக்டர். வகைகளுக்கு ஒன்பது. மாற்றச் சொல்லிப் பார்க்கிறேன்.

சொல் விஷயத்தில் ‘தொடர்நலிவு’ என்று யோசிக்கிறேன். “இந்த மருந்து தொடர்நலிவை மெதுவாக்கும்” என்றால் வாக்கியம் நிற்கிறது. வகைகள், ‘தொடக்கம்முதல் தொடர்நலிவு எம்.எஸ்.’, ‘பின்னாளில் தொடர்நலிவு எம்.எஸ்.’ நிலை என்ற சொல்லே இல்லை. மருத்துவ அறிக்கையில் பி.பி.எம்.எஸ்., எஸ்.பி.எம்.எஸ். என்றுதான் இருக்கும் என்பதால் தலைப்பில் அதையும் சேர்த்துப் போடுவேன்.

ம. எழுதியது:

நீளம். ஆனால் சரி.

வே. எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். வாயால் சொல்லும்போது நான் புரோகிரசிவ் என்றுதான் சொல்வேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ப. எழுதியது:

‘நலிவு’ கொஞ்சம் உறுத்துகிறது. நலிந்த பிரிவினர் என்ற நினைப்பு வருகிறது. அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். “நோய் நலியவில்லை, நான்தான் நலிகிறேன், அப்படியென்றால் சொல் சரிதான்” என்று சிரித்தார். ‘தொடர்ந்து கூடும்’ என்று எழுதினால் எனக்கு இன்னும் பிடிக்கும். பெரும்பான்மை எப்படியோ அப்படியே ஆகட்டும்.

நி. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எம்.எஸ். என்று முடியும் தொடரைக் கலைச்சொல் என்று நான் ஏற்கப்போவதில்லை.

அ. எழுதியது:

தொடர்நலிவு வினைத்தொகை, நடுவே ஒற்று போட்டுவிடாதீர்கள். படர்தாமரைக்குப் பயந்து ‘படர்’ என்ற சொல்லையே தோலுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. சொல்லாய்வுக் கட்டுரையாகத் தனியே அனுப்புகிறேன்.

செ. எழுதியது:

நன்றி ஐயா. வெள்ளிக்குப் பிறகு அனுப்புங்கள், நிதானமாகப் படிக்கிறேன். மற்றவர்களுக்கு: அட்டவணையில் ஒவ்வொரு வகையின் கீழும் ‘ஆக்டிவ்’, ‘நாட் ஆக்டிவ்’ என்று இரண்டு கட்டங்கள் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். தாக்குதலோ புதிய தழும்போ இருந்தால் முதலாவது. ‘செயல்படும்’, ‘செயல்படாத’ என்று எழுதினால் நாட் ஆக்டிவ் என்று பெயர் பெற்றவர் நோய் நின்றுவிட்டது என்று நினைப்பார், நலிவு தொடர்ந்துகொண்டிருக்கும். நாளைக் காலைக்குள் ஏதாவது சொல்லுங்கள்.