ஃபேரி ஓவர்டிரைவ்: கழற்றுவதா, ஆயில் ஊற்றி ஓட்டுவதா?

ரிங்லெட்காரன்:
மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறி ஏற்ற ஒரு சீரிஸ் 3 லேண்ட் ரோவர் வாங்கியிருக்கிறோம். 88 இஞ்ச், 2.25 லிட்டர் பெட்ரோல். பின்னால் ஃபேரி ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் பெட்டி) மாட்டியிருக்கிறது. லீவரைப் போட்டால் தாப்பா ரோட்டில் இஞ்சின் நன்றாக அடங்குகிறது, ஆனால் சீட்டுக்கு அடியில் ஓர் ஊளைச் சத்தம். ஒரு பட்டறையில் கழற்றி எறி என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் கெட்டியான 140 நம்பர் கியர் ஆயில் ஊற்று, சத்தம் போய்விடும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

நுவரெலியா109:
கழற்றுங்கள் தம்பி. டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு (கியர்பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் பெட்டி) பின்னால், பி.டி.ஓ. (வெளிக் கருவிகளை ஓட்ட விசை எடுக்கும் வழி) மூடி இருந்த இடத்தில் தொங்கும் சாமான் அது. பம்ப் கிடையாது. கியர் சுற்றும்போது தெறிக்கிற ஆயில்தான் பேரிங்குக்கு. அந்த ஆயிலும் கொஞ்சம்தான், சீல் லேசாகக் கசிந்தால் போச்சு. மலை ரோட்டில் லோடு ஏற்றும் வண்டிக்கு எதற்கு ஓவர்டிரைவ்?

லெஸ்டர்_பச்சை:
அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். இங்கே இங்கிலாந்தில் பழைய ஃபேரி பலதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போனது எல்லாமே ஆயில் இல்லாமல் ஓடியதுதான். நீடில் ரோலர் (ஊசி மாதிரி மெல்லிய உருளை பேரிங்) சூட்டில் நீலம் பூத்திருக்கும், அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டெவனில் டேவிஸ்டாக்கில் இருந்த ஃபேரி விஞ்சஸ் 1970-களில் செய்தது. இன்றும் பல வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தம்பி, முதலில் சமதரையில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஓவர்டிரைவில் ஆயில் மட்டம் பார்க்கும் லெவல் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் பிளக்கையும் கழற்றுங்கள். இங்கே குறைந்து அங்கே வழிந்தால் நடுவில் இருக்கும் சீல் போய்விட்டது. ஆயில் பெட்டி மாறிப் போயிருக்கிறது. தரையில் ஒரு சொட்டுகூட விழாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை.

நுவரெலியா109:
ஆயில் பெட்டி மாறுகிற டிசைனைத்தான் நானும் குறை சொல்கிறேன்! சரி, விசை கணக்கையும் பாருங்கள். ஓவர்டிரைவ் கியர்பாக்ஸுக்குப் பிறகு வருகிறது. டாப் கியரில் இஞ்சின் தருகிற முறுக்கு விசை அப்படியே அதில் விழும். ஃபர்ஸ்ட் கியரில் 3.68 மடங்கு, செகண்டில் 2.22 மடங்கு. டிரைவர் அதை இரண்டு கியருக்கு நடுவில் ஒரு பாதி கியர் போல ஒவ்வொரு கியரிலும் போட்டுப் போட்டு எடுத்தால், சின்ன கியர் எத்தனை நாள் தாங்கும்?

லெஸ்டர்_பச்சை:
அது சரியான பேச்சு. தேர்டிலும் டாப்பிலும் மட்டும் போடுங்கள் என்பேன். ஆனால் அதன் பலனையும் சொல்ல வேண்டும். டிஃப் (சக்கர அச்சில் இருக்கும் கடைசி கியர்) விகிதம் 4.7, டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் விகிதம் 1.148, இரண்டும் பெருக்கினால் 5.4. 7.50-16 டயரில் மணிக்கு 80 கிலோமீட்டர் போனால் இஞ்சின் ஏறத்தாழ 2900 சுற்று. ஓவர்டிரைவின் விகிதமான 0.782-ஆலும் பெருக்கினால் 2300. பழைய பெட்ரோல் இஞ்சினுக்கு 600 சுற்று குறைவது சின்ன விஷயம் இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம்.

பழைய_ஸ்பானர்:
ஓவர்டிரைவே வேண்டாம், ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃப் போட்டுவிடுங்கள். கூடுதல் கியரும் இல்லை, கூடுதல் ஆயிலும் இல்லை.

லெஸ்டர்_பச்சை:
போட்டால் மலையில் அழ வேண்டியதுதான். டாப் 4.06-க்குப் போய்விடும், ஃபர்ஸ்டும் லோ ரேஞ்சும் (செங்குத்துக்கான மெதுவான கியர் வரிசை) அதே விகிதத்தில் நீளும். முட்டைக்கோஸ் மூட்டையோடு செங்குத்தில் கிளட்சைத் தேய்க்க வேண்டும். ஓவர்டிரைவ் என்றால் வேண்டாதபோது லீவரைத் தள்ளிவிடலாம். இன்னொன்று: சீரிஸ் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் வெளிப்புற ஷாஃப்டில் இருந்து வருகிறது. ஓவர்டிரைவ் அதற்கு முன்னால் இருப்பதால் காட்டும் வேகம் மாறாது. டிஃப் மாற்றினால் மாறும்.

ரிங்லெட்காரன்:
அது இருக்கட்டும், 140 ஆயில் ஊற்றலாமா இல்லையா?

கிரீஸ்_கை:
ஊற்றாதீர்கள். 140 கசிவைத் தள்ளிப்போடும், சத்தத்தை அமுக்கும், தேய்ந்த பேரிங் தேய்ந்தபடிதான் இருக்கும். விடியற்காலைக் குளிரில் தேன் மாதிரி கிடக்கும் ஆயில் நீடில் ரோலருக்குள் தெறித்துப் போகாது. ஓவர்டிரைவ் லீவரும் சின்க்ரோவில் (கியர் விழ வேகத்தைச் சமன் செய்யும் பாகம்) இழுத்துப் பிடிக்கும். 90 நம்பர், ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரக் குறியீடு), அவ்வளவுதான்.

பழைய_ஸ்பானர்:
ஜிஎல்-5 இன்னும் உசத்தி இல்லையா? கடையில் அதுதான் சுலபமாகக் கிடைக்கிறது.

கிரீஸ்_கை:
ஜிஎல்-5 பற்கள் வழுக்கி உரசும் ஹைபாய்டு வகை டிஃபுக்காகச் செய்தது, அழுத்தம் தாங்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதில் ஜாஸ்தி. சூடேறினால் பித்தளை, வெண்கலத்தைக் கறுக்க வைக்கலாம். அதனால்தான் கியர் ஆயிலில் செம்புத் தகட்டைப் போட்டு, 121 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். இன்றைய நல்ல ஜிஎல்-5-களில் அதற்கு மாற்று மருந்து சேர்க்கிறார்கள், ஒரே நாளில் கியர்பாக்ஸைத் தின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஓவர்டிரைவில் இருக்கும் ஹெலிகல் (சாய்ந்த பல்) கியருக்கு அந்த அளவு தேவையே இல்லை. பக்கத்திலேயே சீரிஸ் கியர்பாக்ஸில் செகண்ட், தேர்டு கியர்கள் உட்காரும் வெண்கல புஷ் இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி ஆயில் போய்வரும் வண்டியில் எதற்கு வீண் ரிஸ்க்?

பழைய_ஸ்பானர்:
எம்ஜி காரின் ஓவர்டிரைவில் இஞ்சின் ஆயில்தானே ஊற்றுகிறார்கள்?

கிரீஸ்_கை:
அது லேகாக் என்ற வேறு வகை ஓவர்டிரைவ். உள்ளே பம்ப், ஹைட்ராலிக் அழுத்தம், பிடித்து விடுகிற கூம்பு கிளட்ச். வழுக்கல் மருந்து கலந்த ஆயிலை ஊற்றினால் அது பிடிக்காது. ஃபேரி வெறும் கியர் பெட்டி. பெயர் ஒன்று, வயிறு வேறு.

ரிங்லெட்காரன்:
பார்த்தாச்சு. ஓவர்டிரைவ் பிளக்கில் விரலை விட்டேன், நுனி மட்டும் நனைந்தது. டிரான்ஸ்ஃபர் பிளக்கைத் தளர்த்தியதும் கையெல்லாம் ஆயில். லெஸ்டர் அண்ணன் சொன்ன கதைதான். இறக்கிய ஆயிலில் வெயிலில் காட்டினால் வெள்ளித்தூள் மாதிரி மின்னுகிறது, ஆனால் துண்டு எதுவும் இல்லை.

லெஸ்டர்_பச்சை:
துண்டு இல்லையென்றால் உயிர் இருக்கிறது. சீல் மாற்றி, பேரிங் பார்த்து, புது 90 ஊற்றுங்கள். ஃபேரி என்றால் கொஞ்சம் பாடத்தான் செய்யும். சுருதி மாறினால்தான் பயப்பட வேண்டும்.

நுவரெலியா109:
தம்பி, ஒரு கேள்வி. வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்களா, தோட்டத்து ஆட்கள் ஓட்டுகிறார்களா?

ரிங்லெட்காரன்:
பாதி நாள் ஆட்கள்தான், அண்ணே. நாலைந்து பேர் மாற்றி மாற்றி.

நுவரெலியா109:
அப்போ எந்த டிரைவர் வாரத்துக்கு ஒருமுறை குனிந்து அந்தப் பிளக்கைக் கழற்றுவான்? லெஸ்டர்காரர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் வண்டிக்கு அவர் சொல்வது பொருந்தும்.

லெஸ்டர்_பச்சை:
ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவதில்லை அண்ணே, வேலைக்கும் அதில்தான் போகிறேன்! ஆனால் நாலு கை படும் லோடு வண்டி என்றால் நானும் கழற்றத்தான் சொல்வேன். ஒன்று மட்டும்: அதைக் கழற்றும் முன் விற்றவரிடம் பழைய மெயின்ஷாஃப்ட் கியரும் (கியர்பாக்ஸில் இருந்து டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு விசையைக் கொடுப்பது), அதன் நட்டும், பின் மூடியும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓவர்டிரைவ் மாட்டும்போது அந்தக் கியரை எடுத்துவிடுவார்கள். அது இல்லாமல் வண்டி ஓர் அடி நகராது.

ரிங்லெட்காரன்:
கேட்டேன். கியரும் நட்டும் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாராம். மூடியைக் காணோமாம். யாரிடமாவது ஒன்று இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அதுவரை 90 ஊற்றி ஓட்டுகிறேன், லீவர் பக்கம் யாரும் கை வைக்க வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன்.