மாணவர் எழுதிய நாடகங்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கல்லடியான்:
இலங்கைப் பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டி, வலய மட்டம், நான் நடுவர். சுனாமி நாடகம். எழுதியது ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளை, 2004க்குப் பிறகு பிறந்தவன். அலை வருகிற சத்தம் கேட்கிறது, கையில் குழந்தையோடு ஒரு தாய் ஓடி வந்து, நேரே மைக்குக்கு முன்னால் நின்று, "ஓ கடல் அன்னையே!" என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம் பேசுகிறாள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி வெளியே போய்விட்டார். நாவலடிக்காரர், சுனாமி அள்ளிக்கொண்டு போன மட்டக்களப்புக் கரையோர ஊர் அது. அழத்தான் போகிறார் என்று நினைத்தேன். பிறகு தண்ணீர்க் குழாயடியில் கண்டபோது கோபமாகக் கேட்டார்: "தண்ணி வரக்குள்ள ஆரு மனே இவ்வளவு கதைச்ச?" அதற்குப் பிறகு புள்ளி போட எனக்குக் கை வரவில்லை.

களுவாஞ்சிக்குடி மருமகன்:
எங்கள் பாடசாலையில் பதினொரு காட்சி நாடகம். ஒவ்வொரு காட்சிக்கும் லைட் ஓஃப், மேசை தூக்க நாலு பேர். செத்துப்போன அப்பப்பா தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போகும்போது லைட் வந்துவிட்டது. அன்றைக்கு விழுந்த ஒரே கைதட்டு அதுக்குத்தான்.

அக்கரைப்பற்றான்:
கல்லடி அண்ணன், அப்போ பிறகு பிறந்த பிள்ளைகள் சுனாமியை எழுதவே கூடாதா? எல்லாப் பழியையும் பிள்ளைகள் தலையில் போடாதீர்கள். என் தங்கச்சி எழுதின நாடகத்தில், மகன் வெளிநாடு போன அன்று அப்பா ஒன்றும் பேசாமல் அவனுடைய சைக்கிளைத் துடைப்பார், அதோடு முடியும். பொறுப்பாசிரியர் "இதில் செய்தி எங்கே?" என்று கேட்டு, கடைசியில் பின்குரல் ஒன்று சேர்த்துவிட்டார், "போதைப்பொருளை ஒழிப்போம்" என்று. நாடகத்தில் போதைப்பொருளே கிடையாது!

மத்தளக்காரன் பேரன்:
நானும் ஒன்று பார்த்தேன், வகுப்பில் எல்லாருக்கும் பாத்திரம் வேண்டும் என்று கோவலனுக்கு நாலு நண்பர்கள், நாலு பேரும் "ஆம்" மட்டும் சொன்னார்கள். அதை விடுங்கள். எழுதுகிற தம்பி தங்கச்சிமார் முதலில் ஒரு கூத்தை விடியவிடிய இருந்து பாருங்கள். வடமோடிக் கூத்தில் ராசா களரிக்கு, அதாவது கூத்தாடுகிற வட்டத்துக்கு, வந்து ஆடுகிற ஆட்டத்திலேயே இவர் எப்படிப்பட்ட ஆள் என்று பாதி தெரிந்துவிடும், வசனம் பிறகுதான். நீங்களோ திரை திறந்ததும் "நான் ஒரு ஏழை விவசாயி" என்று தொடங்குகிறீர்கள். மண்வெட்டியைக் கையில் கொடுங்கள், வேலை செய்யட்டும், பேச வேண்டி வந்தால் பேசட்டும். நீளம் என்றால் வெட்டுங்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் விடியும்வரை ஆடுகிற கூத்தையே சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார், நம்முடைய மட்டக்களப்பு நாடகக்காரர் மௌனகுரு சேர் அதில் ஆடியவர். உங்கள் பதினொரு காட்சியைச் சுருக்க முடியாதா? இன்னொன்று, களரியைச் சுற்றிச் சனம் இருக்கும், மைக்கைத் தேடி யாரும் நடக்க மாட்டார்கள்.

களுவாஞ்சிக்குடி மருமகன்:
அந்தப் பதினொரு காட்சி நான் எழுதினது இல்லை அண்ணே, நான் மேசை தூக்கினவன்.

கல்லடியான்:
அக்கரைப்பற்றுத் தம்பி, எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவைப் போல ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம், அவ்வளவுதான். அது சரி, தங்கச்சியிடம் அந்தப் பிரதி இருக்கிறதா? எங்கள் பிள்ளைகளை வைத்துப் பின்குரல் இல்லாமல் போட்டுப் பார்க்க ஆசை.

அக்கரைப்பற்றான்:
கேட்டுச் சொல்கிறேன். சைக்கிளை மட்டும் நீங்கள் பாருங்கள், எங்களுடையதை விற்றுவிட்டோம்.