வேதநாயகம் சாஸ்திரியார்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

நான்: பெரியப்பா, ஸ்தோத்திரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டத்தில் கிறிஸ்தவத் தமிழ்க் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1774-இல் பிறந்தார், 1864-இல் காலமானார் என்பதைத் தவிர எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது?

பெரியப்பா: திருநெல்வேலியிலிருந்து தொடங்கு. 1785-இல் ஜெர்மானிய மிஷனரியான ஷ்வார்ட்ஸ் ஐயர் அங்கிருந்து தம்மோடு தஞ்சாவூருக்கு அழைத்து வந்த சிறுவன் அவர். ஐயரின் பராமரிப்பில் வளர்ந்த இன்னொரு பிள்ளைதான் பிற்காலத்தில் மன்னரான இரண்டாம் சரபோஜி. ஒரே ஆசானிடம் பயின்ற அந்த இருவருக்கும் இடையே இருந்த பிணைப்பு கடைசிவரை அறுபடவில்லை.

பெரியப்பா: அடுத்து, அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சிக்கு நேரம் ஒதுக்கு. பவனி வரும் தலைவன், அவனைக் கண்டு மையல் கொள்ளும் தலைவி, குறி சொல்லும் குறத்தி, கண்ணி வைக்கும் சிங்கன் என்று நம் மக்களுக்குப் பழகிய அந்தக் கூத்து வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, தலைவனாகக் கிறிஸ்துவையும் தலைவியாகத் திருச்சபையையும் நிறுத்தினார். கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்னும் புதிய வானநூலையும் அதற்குள்ளேயே பாட்டாக வைத்தார். தம் குழுவினரோடு சென்னை வேப்பேரி வரை போய்ப் பாடியிருக்கிறார். வாசிக்கத் தெரியாதவருக்கும் வேதம் காது வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய ஊழியம் என்று நான் நினைக்கிறேன்.

அத்தை: "சீர் இயேசு நாதனுக்கு ஜெயமங்களம்" அவர் எழுதியதுதான் என்பதையும் மறக்காமல் சொல். கண் மங்கிய பிறகும் அம்மா அந்தப் பாட்டைப் புத்தகம் இல்லாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு சரணமும் விடாமல் பாடுவார்கள். இடையில் நாங்கள் பிசகினால் பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் உயர்த்துவார்கள்.

தங்கை: அண்ணா, ஒன்றைக் கேட்கலாமா? சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று புதிய மிஷனரிமார் சொன்னபோது அதை அவர் எதிர்த்தார் என்று வாசித்தேன். அதையும் பேசுவாயா?

பெரியப்பா: பேசத்தான் வேண்டும், அம்மா. தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து விலக்கியதையும், பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியதையும் அவர் எதிர்த்தபோது நியாயம் அவர் பக்கம் இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் அதே மூச்சில், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் எல்லாரும் ஒன்றாகச் சேர்வதையும் கொடுமை என்று எழுதினார். அந்த இடத்தில் அவர் தவறினார் என்று நான் தயங்காமல் சொல்வேன். இந்தப் பிணக்கின் முடிவில், 1829-இல், அவர் மிஷன் வேலையை இழந்தார். அப்போது கைகொடுத்து அரசவையில் இடம் தந்தவர் சரபோஜி மன்னர்.

நான்: கிறிஸ்துவை எல்லாருக்கும் பாடியவர் பந்தியில் மட்டும் வேற்றுமை பார்த்தது மனதை உறுத்துகிறது, பெரியப்பா.

பெரியப்பா: எனக்கும் உறுத்துகிறது. ஆகவே அந்த 1829-ஐப் பேச்சின் கடைசியில் ஒரு வரியாக ஒதுக்கிவிடாதே, நடுவில் வை.

நான்: சரி, பெரியப்பா. அத்தை, பாட்டி பாடிய பதிவு உங்கள் பழைய கைபேசியில் இருந்தால் அனுப்புங்கள். முதலில் அதைக் கேட்க வைத்துவிட்டு நான் பேசத் தொடங்குகிறேன்.

அத்தை: இருக்கிறது. இரவு ஜெபம் முடிந்ததும் அனுப்புகிறேன்.