சிலந்திக் கூட்டைக் குத்தும் குளவி: அடையாளம் காண உதவி வேண்டும்

வணக்கம். காரைக்குடி பக்கம் எங்கள் பழைய வீட்டில், இரண்டாங்கட்டு நிலைக்கதவின் இடுக்கில் ஒரு சிலந்தி வெள்ளையாகப் பட்டுக்கூடு கட்டியிருக்கிறது. போன வாரம் மதியம் அதன்மேல் ஒல்லியான குளவி ஒன்று வந்து உட்கார்ந்தது. மண்கூடு கட்டும் குளவி இல்லை. கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு உடல், செம்மஞ்சள் கால்கள். வயிற்று நுனியில் இருந்த குழலைக் கூட்டுக்குள் செருகி, அரை நிமிடம் அசையாமல் நின்றது. உணர்கொம்பு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

அப்பத்தா விளக்குமாற்றோடு வந்தார். கெஞ்சித்தான் தடுத்தேன்.

2018-இல் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசான் காட்டிலிருந்து கிளிஸ்டோபைகா கிராசிகாடேட்டா என்ற புதிய குளவியை விவரித்தார்கள். அதன் முட்டையிடும் குழல் மிக நீளம், தடிமனும் அதிகம். பெயருக்கே 'தடித்த வால்' என்றுதான் பொருள். இந்த இனக் குளவிகள் கூட்டிலிருக்கும் சிலந்தியை விஷத்தால் முடக்கி, முட்டையிடும். வெளிவரும் புழு சிலந்தியைத் தின்று வளரும். நான் பார்த்ததும் அந்தக் குடும்பமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. புதிய இனம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு மாதிரியைப் பாதுகாத்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும்.

நேற்று ஜன்னலோரம் அதே மாதிரி ஒன்று செத்துக் கிடந்தது. இப்போதைக்கு எத்தனாலில் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்படியே விடலாமா, ஊசியில் குத்திக் காயவைக்க வேண்டுமா? ஒட்டுண்ணிக் குளவிகளைப் படிப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சிறகு நரம்புகள் தெரியும்படி படம் எடுத்து அனுப்புகிறேன்.